டெல்டா, ஏகேஏ (ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா) என்ற அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் சங்கங்களின் ஆட்களோடு பழகியவர்கள் இருக்கிறீர்களா?

மேரிலாண்ட் நர்ஸ்:
எங்கள் வார்டில் ஒரு பாட்டி, ஓய்வுபெற்ற டீச்சர். டெல்டா. (விமானக் கம்பெனி இல்லை, டெல்டா சிக்மா தீட்டா.) ஒரு ஞாயிறு மதியம் சிவப்பு ஸ்வெட்டரில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். காலேஜில் ஒரே 'லைனில்', அதாவது ஒரே தொகுதியாகச் சங்கத்தில் சேர்ந்தவர்களாம். போட்டோ எடுக்கச் சொல்லி என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு, குட்டையானவர் முதலில், நெட்டையானவர் கடைசியில் என்று அன்று நின்ற அதே வரிசையில் நின்றார்கள். பாட்டியின் வீல்சேர் மூன்றாவது. அதற்கு அடுத்தவருக்குப் பிறகு ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்களேன்" என்றேன். யாரும் அசையவில்லை.

"அது நம்பர் ஐந்தோட இடம்மா. அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு" என்றார் பாட்டி.

அட்லாண்டாக்காரி:
என்னுடையது சிரிப்புக் கதை. கிளிப்பச்சைக் கரை போட்ட ரோஸ் சேலையில் கோயிலுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். எதிரே ஒரு அம்மா முகமெல்லாம் பூரிப்பாக "ஸ்கீ-வீ!" என்று கூவினார். அது ஏகேஏக்காரர்கள் தங்களுக்குள் கூவிக்கொள்ளும் அழைப்பாம், எனக்கென்ன தெரியும்? "ஹாய்" என்றேன். அந்த முகம் அப்படியே வாடிப்போனது. கமலா ஹாரிஸ் ஏகேஏ என்று தெரியும், அவர்கள் நிறம் ரோஸும் பச்சையும் என்று தெரியாது. இன்னும் அந்தச் சேலையை எடுக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

பழைய மாணவன்:
எல்லாம் சரி, இதுவும் ஒருவகை ஜாதிச் சங்கம்தானே?

டிசி வாசி:
@பழைய மாணவன், வெள்ளைக்கார மாணவர் சங்கங்கள் கதவை மூடியதால்தான் 1906ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கறுப்பின ஆண்கள் சங்கம் பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் இருவரும் அதில்தான். டெல்டா தொடங்கியது 1913 ஜனவரியில்; மார்ச்சில் அந்தப் பெண்கள் வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் ஊர்வலம் போய்விட்டார்கள். நம் ஊர்ச் சங்கம் எது இரண்டே மாதத்தில் தெருவில் இறங்கியது?

@அட்லாண்டாக்காரி, அடுத்த முறை "நான் உறுப்பினர் இல்லை, ஆனால் உங்கள் நிறம் அழகு" என்று சொல்லுங்கள், போதும். அந்தக் கூவலைத் திருப்பிக் கூவாதீர்கள். கைச்சாடையும் வேண்டாம், அவர்கள் கிரேக்க எழுத்துப் போட்ட டீஷர்ட்டும் வேண்டாம். ஆபீஸில் ஏகேஏ யாராவது இருந்தால் சங்கம் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று வாழ்த்துங்கள், டெல்டா என்றால் 13. மாற்றிச் சொன்னீர்களோ, வருஷம் முழுக்கக் கிண்டல்தான். அப்புறம், காலேஜோடு முடிகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். நாற்பது வயதில் பட்டதாரிக் கிளையில் சேர்கிறவர்களும் உண்டு. எப்படிச் சேர்ந்தீர்கள் என்று மட்டும் தோண்டாதீர்கள், சொல்ல மாட்டார்கள்.

ஹூஸ்டன்:
புதிதாகச் சேர்கிறவர்களுக்கு விழும் அடியைப் பற்றி யாரும் பேசவில்லையே? 1990லேயே பழைய பிளெட்ஜிங் முறையை (சேர்க்கும் முன் வாரக்கணக்கில் சோதிப்பதை) ஒழித்தாயிற்று என்று காகிதத்தில் இருக்கிறது. என் ரூம்மேட் அதற்கு ரொம்பப் பிறகு சேர்ந்தவன். ஒரு வாரம் நாற்காலியில் உட்காரவே முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டான். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. ஆறு வருஷம் கழித்து அவன் அப்பா இறந்தபோது, அவனை அடித்தவன்தான் ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி வந்து சவப்பெட்டிக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தான். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மேரிலாண்ட் நர்ஸ்:
சொல்ல விட்டுப்போனது. அந்தப் போட்டோவில் இடைவெளியில் என் ஐவி ஸ்டாண்ட் (டிரிப்ஸ் மாட்டும் கம்பி) தெரிந்தது. வேறு எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். பாட்டி போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இருக்கட்டும், அவளும் இப்படித்தான் ஒல்லி" என்றார்.