செடி–பூச்சி–நுண்ணுயிர் சூழலியலில் பிஎச்.டி.: எச்-4 விசாவில் (எச் வகைப் பணி விசா பெற்றவரின் குடும்பத்தினருக்கானது) அமெரிக்கா வந்தவர்கள் எங்கே தொடங்குவது?

முதல் பதில்:

துறைப் பெயரை வைத்துத் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாது. இந்த ஆய்வு பூச்சியியல், தாவர நோயியல், மண்ணறிவியல், சூழலியல் என்று சிதறிக் கிடக்கிறது. பிடித்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்று பாருங்கள், விண்ணப்பம் அங்கேதான். அமெரிக்காவில் பல சூழலியல் துறைகளில், ஒரு பேராசிரியர் முன்கூட்டியே சம்மதிக்காமல் விண்ணப்பம் கரையேறாது. கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுவரை. அதனால் ஆகஸ்டு–அக்டோபரிலேயே பேராசிரியருக்கு மடல் போய்ச் சேர வேண்டும்.

மடல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். "பூச்சிகளில் ஆர்வம் உண்டு" என்பதால் பயனில்லை. "வேரை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுத்து, ட்ரிபான் ப்ளூ சாயமேற்றி, மைக்கோரைசா (வேரோடு கூடி வாழும் பூஞ்சை) பரவலைக் கணக்கிடத் தெரியும்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார்கள். பதில் இல்லையா? இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள்.

நேர்முகத்தில் ஒரு சோதனையை வடிவமைக்கச் சொன்னால், பலர் சறுக்குவது மண்ணில்தான். ஒரு தொட்டியில் உயிருள்ள மண், இன்னொன்றில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிநீக்கிய) மண் என்று வைத்தால் ஒப்பீடே கெட்டுவிடும். 121 டிகிரி வெப்பம் நுண்ணுயிரைக் கொல்வதோடு அமோனியத்தையும் மாங்கனீசையும் விடுவிக்கும். செடியின் வேறுபாடு நுண்ணுயிராலா, சத்தாலா என்று பிரிக்க முடியாது. எல்லாத் தொட்டியிலும் கிருமிநீக்கிய மண்ணையே நிரப்பி, கன அளவில் 5–10% மட்டும் உயிருள்ள மண்ணைக் கலக்க வேண்டும். ஒப்பீட்டுத் தொட்டிக்கு அதே அளவு, அதே மண், ஆனால் கிருமிநீக்கியது. பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து பத்துத் தொட்டியில் போட்டால், அந்த மண்ணைப் பொறுத்தவரை மாதிரி ஒன்றுதான், பத்து அல்ல. 1984-இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 'போலி மறுபதிவு' (pseudoreplication) என்று கண்டித்த பிழைகளின் வகையே இது.

இரண்டாம் பதில்:

பணத்தைப் பற்றி: எச்-4-இல் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஊதியம் வாங்க முடியாது. கற்பித்தல், ஆய்வு வேலைக்குப் பல்கலைக்கழகம் தரும் அசிஸ்டன்ட்ஷிப்பும் ஊதியம்தான். ஆகவே எஃப்-1 மாணவர் விசா நிலைக்கு மாற வேண்டும். அமெரிக்காவின் உள்ளிருந்தே மாற்றினால் மாதக்கணக்கில் இழுக்கலாம், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்எஸ்எஃப்) ஜிஆர்எஃப்பி என்ற ஆய்வு மாணவர் உதவித்தொகை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், அதை நம்பித் திட்டமிடாதீர்கள். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டுக்கா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். களவேலை கோடையில், சம்பளம் நிற்பதும் கோடையில்!

ஜெர்மனி வேறு கதை. அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் விளம்பரம் செய்து ஆளெடுக்கும் வேலை. மாநில அரசு ஊதியப் பட்டியலான டிவி-எல்-இன் இ13 நிலையில், முழுநேரத்தில் 65% பணி என்பது வழக்கமான ஒன்று. விளம்பரம் ஆண்டு முழுக்க வரும், முதுகலைப் பட்டம் வேண்டும்.

மூன்றாம் பதில்:

ஊருக்குப் போய் மண்ணோ பூச்சியோ எடுத்து வந்து ஆராயலாம் என்று திட்டம் எழுதுபவர்கள் கவனிக்க. இந்தியக் குடிமகனாக இருந்தாலும், வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிட்டால், 2002 உயிரியல் பன்மயச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும். சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். நுண்ணுயிரும் மரபணுப் பொருளும் இதில் அடக்கம், "டிஎன்ஏ மட்டும்தானே" என்பது செல்லாது. மண்ணை அமெரிக்காவுக்குள் கொண்டுவர அந்நாட்டு வேளாண் துறையின் அனுமதி தனி. முதல் ஆண்டு ஆய்வை இங்கே கிடைக்கும் செடியில் வைத்துக்கொண்டு, அனுமதி வேலையைப் பக்கத்தில் ஓட்டுங்கள்.