சங்கிலிக் கடைகளின் டாக்கோ மெக்சிகோவின் மரபுணவா?

கேள்வி (ஹட்டன்): கண்டியில் துரித உணவுக் கடையொன்று, மொறுமொறுப்பான ஓட்டில் மஞ்சள் சீஸ் தூவிய டாக்கோவை (மடித்த சோள ரொட்டிக்குள் கறி வைத்த உணவை) "மெக்சிகோவின் பாரம்பரிய உணவு" என்று விற்கிறது. இது உண்மையா?

பதில் (பண்டாரவளை): இல்லை. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவைத் தட்டிச் சுடும் டோர்ட்டியா என்ற மென்மையான ரொட்டியே டாக்கோவின் உயிர். அந்தச் சுண்ணாம்பு, மாவை ஒட்டச் செய்வதுடன், சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடலில் சேரவும் வழிசெய்கிறது. மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அந்த மஞ்சள் சீஸ் செடார் வகையென்றால், அதுவோ இங்கிலாந்தில் பிறந்தது.

பதில் (நுவரெலியா): பொரித்த டாக்கோ மெக்சிகோவிலும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளியினர் சமைத்துவந்த வடிவத்தையே, 1962இல் டாக்கோ பெல் என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடையைத் தொடங்கிய கிளென் பெல் உலகெங்கும் பரவச் செய்தார். அதை அமெரிக்க உணவென்றே எழுதி விற்கட்டும்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. தோட்டத்து ரொட்டியையும் கட்டச் சம்பலையும் எவரேனும் இவ்வாறு மாற்றி நம் பெயரில் விற்றால், நாமும் பொறுக்கமாட்டோம்.