மறு: மறு: யுவைற்றிஸ் – சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கிளிநொச்சியிலிருந்து:
கண் சிகிச்சைக்கு வருவோருக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கண்ணின் வெளிக்கோதுக்கும் விழித்திரைக்கும் நடுவே கதிராளி, பிசிருடல், தோலுரு மூன்றும் சேர்ந்த படையில் வரும் அழற்சிக்கு (யுவைற்றிஸ்) ஒரு சொல் தாருங்கள். அதனால் விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டில் நீர் கோத்துப் பார்வை மங்குவதற்கும் ஒன்று. 'மஞ்சட்பொட்டு வீக்கம்' என்று எழுதியிருக்கிறேன்.

மல்லாவியிலிருந்து:
தம்பி, 'மஞ்சட்பொட்டு' என்பதில் ளகரம் டகரமாகத் திரிந்தது சரி, மகிழ்ச்சி. நோய்ப்பெயருக்கு வருவோம். இலத்தீனில் 'யூவா' என்றால் முந்திரிகைப்பழம். கண்ணின் வெள்ளை வெளியுறையான வன்கோதை உரித்தால் உள்ளே கருமையாக, பார்வை நரம்பே காம்பாகத் தெரியும் என்பதால் வந்த பெயர். வன்னியில் நாவல் இருக்க எமக்கேன் முந்திரிகை? 'நாவற்படல அழற்சி' என்க. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றைத் தமிழில் எழுதுவித்தார். நாம் ஒரு பழத்துக்குத் தயங்குவதா?

வவுனியாவிலிருந்து:
ஐயா, 'நாவற்படலம்' என்றால் எங்கள் கிளினிக்கில் நாக்கை நீட்டுவார்கள். 'மஞ்சட்பொட்டு' என்றதும் ஓர் அம்மா நெற்றியைத் தடவிப் பார்த்தார். 'வீக்கம்' அதைவிட ஆபத்து. கண்ணாடியில் இமை வீங்கவில்லை என்று கண்டு சொட்டுமருந்தை நிறுத்திவிடுவார்கள். கண் சிவக்காமலே, நோகாமலே பார்வை குறையலாம் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். இந்த அழற்சிக்குப் போடும் ஸ்டீரொயிட் மருந்தாலேயே கண்புரை வரலாம், கண்ணின் அழுத்தம் ஏறலாம். அதற்குப் பயந்து தாங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பும். இதற்கெல்லாம் இடம் விட்டிருக்கிறீர்களா?

முல்லைத்தீவிலிருந்து:
சுருட்டையும் சேருங்கள். புகைப்பவர்களுக்கு அந்த நீர்க்கோப்பு கூடுதலாக வருகிறது. சொல்லைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. 'யுவைற்றிஸ்' என்றே போடலாம், கிளினிக் கொப்பியில் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

மல்லாவியிலிருந்து:
அப்படியென்றால் துண்டுப்பிரசுரத்தையே கொழும்பில் ஆங்கிலத்தில் அடித்துவிடலாமே.

கிளிநொச்சியிலிருந்து:
கோபிக்காதீர்கள் ஐயா. பெரும்பாலானோர் 'கண் நடுப்படை அழற்சி (யுவைற்றிஸ்)' என்பதற்கு இணங்குகிறார்கள், அல்லது களைத்துவிட்டார்கள். மற்றதற்குச் சொல்லே வேண்டாம்: 'பார்வையின் நடுப்பகுதியில் நீர் கோத்தல்'.

வவுனியாவிலிருந்து:
பார்வையில் நீர் கோக்காது தம்பி. 'விழித்திரையின் நடுவில்' என்று மாற்றுங்கள்.

மல்லாவியிலிருந்து:
'நடுப்படை' என்றால் போர்க்களத்தில் நிற்பது. எனது ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'மருந்தை போடவும்' என்று வல்லினம் மிகாமல் நிற்கிறது, அதையாவது திருத்துங்கள்.