அம்மாயி வீட்டுக் குழு: சரஸ்வதி படம்

சித்தி (டிக்கோயா): எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். ஐயர் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார், காலை 6.30 முதல் 7.30. ஒருவர் விடாமல் வர வேண்டும்.

அம்மா: சந்தோஷம் தங்கச்சி. முதல் நாளே வந்துவிடுகிறேன்.

அத்தை (பொகவந்தலாவை): வாழ்த்துகள் 🙏

சித்தி: இன்னொரு விஷயம். பெரியண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஹோலில் ஒரு சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. அம்மாவின் சரஸ்வதி படத்தை அங்கே மாட்ட ஆசைப்படுகிறேன்.

அத்தை: மாமி இருந்த காலத்திலிருந்தே அது எங்கள் சாமிக் காம்பராவில் இருக்கிறது.

சித்தி: தெரியும் அண்ணி. கேட்கத்தானே செய்தேன்.

அம்மா: கடைசிக் காலத்தில் அம்மா என் வீட்டில் இருந்தார். நான் எதையாவது கேட்டேனா?

பாப்பா: பெரியம்மா 🙏

கொழும்பு அத்தான் (பெரிய மாமாவின் மகன்): அத்தை, கொஞ்சம் பொறுங்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் அந்தப் படத்தின் போட்டோவைக் காட்டினேன். ரவிவர்மாவின் ஒரிஜினல், லட்சக் கணக்கில் போகும் என்கிறார். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மா: லட்சமா?

சித்தப்பா: அப்படியா?

சின்ன மாமா (கம்பளை): அது ரவிவர்மா தூரிகை பிடித்துத் தீட்டியது அல்ல தம்பி. அவர் சரஸ்வதியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது 1896இல். அதற்கு முன்பே, 1894இல், தம்பி ராஜராஜ வர்மாவோடு சேர்ந்து பம்பாயில் அச்சகம் தொடங்கிவிட்டார். நம் வீட்டில் இருப்பது அந்த வகை அச்சுப் படம், ஒலியோகிராப் என்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல்லின் மேல் கையால் வரைந்து, ஒரே தாளில் ஒரு நிறத்தின் மேல் மறு நிறமாக அச்சிட்டு, முடிவில் எண்ணெய் ஓவியம் போல் மினுங்க வார்னிஷ் பூசுவார்கள். அரண்மனைச் சுவரில் இருந்த சரஸ்வதி தோட்டத்து லய வீட்டுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். ஒன்று இரண்டு அல்ல, ஏராளமாக அச்சானது. பிறகு வேறு அச்சகங்களும் அதையே பார்த்து அச்சிட்டன. லட்சம் வரும் என்று விற்பனைக்குக் கிளம்பவும் வேண்டாம், பழைய காலண்டர் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

கொழும்பு அத்தான்: அப்படியானால் உண்மையானதா, பின்னால் வந்ததா என்று எப்படித் தெரியும் சித்தப்பா?

சின்ன மாமா: கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் இருக்கும் லென்ஸ் போதும். முகத்தையும் வானத்தையும் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக, கையால் இட்டவை போல் இருந்தால் கல் அச்சு. வரிசையாக நின்று சிறு சிறு பூப்போல் கூடினால் அது பிற்கால ஆப்செட் அச்சு. தாளின் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கலாம், ஆனால் படத்தின் சட்டம் அதை மறைத்திருக்கிறது.

அத்தை: சட்டத்தைக் கழற்றிப் பார்க்கவா?

சின்ன மாமா: அண்ணி, தயவு செய்து வேண்டாம். பழைய தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகம் உரிந்து கண்ணாடியோடு வந்துவிடும். ஈரத் துணியாலும் துடைக்காதீர்கள்.

அம்மா: ஹட்டனிலிருந்து வேன் எடுப்பதா, பஸ்ஸில் வருவதா? இப்போதே சொன்னால்தான் வேன்காரரிடம் கேட்க முடியும்.

சித்தி: அக்கா, வேன் எடுங்கள். மூட்டை முடிச்சோடு பஸ் வேண்டாம்.

பாப்பா: படம் ஒன்று, வீடு நான்கு. பிரதி எடுக்க முடியாதா மாமா?

சின்ன மாமா: இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பாப்பா முந்திக்கொண்டாள். மூலப் படம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நல்ல முறையில் ஒரு முறை படமெடுத்துவிட்டால் நான்கு வீட்டுக்கும் அச்சிடலாம். ரவிவர்மா 1906இல் காலமானார், ஆகவே காப்புரிமைச் சிக்கலும் இல்லை. கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற்றின் ஓவியம் என்றால் கதை வேறு. அவர் இறந்தது 1993. நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் உரிமை தொடர்கிறது. அவருடைய ஓவியத்தை உரிமையாளரைக் கேட்காமல் அச்சிடக் கூடாது.

சித்தப்பா: எங்கள் டவுனிலேயே ஒரே நாளில் அடித்துக் கொடுக்கிறார்கள். குழுவில் இருக்கிற போட்டோவைக் கொடுத்தால் போதும். 4 அடி உயரத்துக்கு எடுத்து லெமினேட் செய்துவிடலாம்.

சின்ன மாமா: மச்சான், அந்தப் போட்டோ வேண்டாம். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், நீளப் பக்கத்தில் சுமார் 1600 புள்ளிதான் (பிக்சல்) மிஞ்சும். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. கணக்குப் போடுங்கள், 5 அங்குலம் தாண்டினால் தெளிவு போய்விடும். அம்மாவின் படம் 14க்கு 20 அங்குலம். அதே அளவில் அச்சிட 4200க்கு 6000 புள்ளி உள்ள கோப்பு வேண்டும். நல்ல கமராவில், இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியில் எதுவும் பளிச்சிடாமல், கமரா படத்துக்கு நேர் எதிரே நிற்க எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற அட்டை ஒன்றையும் வைத்து எடுத்தால்தான் பிறகு நிறத்தைச் சரிபார்க்கலாம். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், ஆவணமாக அனுப்புங்கள்.

சித்தப்பா: சரி சரி.

சின்ன மாமா: இன்னும் முடியவில்லை மச்சான். மை இரண்டு வகை. சாய மை முதல் நாள் கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் சில வருடங்களில் வெளிறும். நிறமி மை பல பத்தாண்டுகள் நிற்கும். தாள் பருத்தியால் ஆனதாக, அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஹானமூலே என்று ஓர் ஆலை 1584 முதல் தாள் செய்கிறது. அவர்களுடைய போட்டோ ராக் என்ற பருத்தித் தாள் சதுர மீட்டருக்கு 308 கிராம் கனம், கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கொழும்பில் விசாரிக்கும்போது விலைக்கு முன் மையும் தாளும் என்னவென்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் கொடுக்க வேண்டாம். ஒரு சாண் அளவில் முகத்தை மட்டும் மாதிரி அச்சு எடுத்துத் தரச் சொல்லுங்கள், அதைப் பகல் வெளிச்சத்தில் மூலப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முழு அச்சு.

கொழும்பு அத்தான்: கேட்கிறேன் சித்தப்பா. மை, தாள், மாதிரி.

அம்மா: வேன் 14 பேர்.

பாப்பா: மாமா, எனக்கும் ஒரு படம். வான்கோவின் வாதுமைப் பூ. இணையத்தில் கன்வஸில் விற்கிறார்கள், சதுரமாக. என் அறைக்கு.

சின்ன மாமா: சதுரத்தில் வாங்காதே. அந்த ஓவியம் 73க்கு 92 சென்டிமீட்டர் அளவு. சதுரம் என்றால் ஓரத்துக் கிளைகளை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 16க்கு 20 அங்குலம் கிட்டத்தட்ட சரியான விகிதம். 1890இல் தம்பிக்குப் பிள்ளை பிறந்ததற்காகத் தீட்டிக் கொடுத்தது அது, ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் இருக்கும் நீலத்தையும் விற்பவர் காட்டும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். விற்பவர்கள் நீலத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

சித்தி: முதலில் சரஸ்வதி. பிறகு வாதுமை.

அத்தை: பிரதி எடுத்தால் அந்தக் கறை எல்லாம் வருமா? வலது பக்கம் குங்குமம் அப்பியிருக்கிறது.

கொழும்பு அத்தான்: கணினியில் அழித்துவிடலாம் அம்மா. மஞ்சளாகிப் போன வார்னிஷையும் சரிசெய்து புதிது போல் ஆக்கலாம்.

அம்மா: அழிக்கக் கூடாது. அது அம்மா வைத்த பொட்டு. 1983இல் கண்ணாடி உடைந்த பிறகு வெகுகாலம் தாளின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய மாமா (பொகவந்தலாவை): உடையவில்லை. உடைத்தார்கள்.

அம்மா: ஆமாம் அண்ணா.

பெரிய மாமா: இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) கிடந்ததை நான்தான் எடுத்துப் புடவையில் சுற்றினேன். கண்ணாடிச் சில்லு ஒன்று வீணையின் மேல் கீறியிருக்கிறது. அதுவும் அப்படியே வர வேண்டும்.

சித்தி: வரட்டும் அண்ணா.

சின்ன மாமா: நானும் அதையே விரும்புகிறேன். துடைத்துப் புதிதாக்கிய சரஸ்வதியை எந்தக் கடையிலும் வாங்கலாம். பொட்டும் கீறலும் உள்ளது நம்முடையது மட்டும். மஞ்சளையும் எடுக்க வேண்டாம். மூலக் கோப்பைத் தொடாமல் நான்கு வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வோம். பின்னால் யாராவது சுத்தம் செய்து பார்க்க ஆசைப்பட்டால் அதன் நகலில் செய்யட்டும்.

கொழும்பு அத்தான்: சரி. நான் அழிக்கச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

சித்தப்பா: லெமினேட் இல்லை என்றால் நம் மூடுபனிக்குப் பூஞ்சை பிடிக்காதா?

சின்ன மாமா: நல்ல கேள்வி மச்சான். பிளாஸ்டிக் ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. அச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், தாள் கண்ணாடியில் ஒட்டாது. சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் சிறு தக்கை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். விளக்கும் கற்பூரமும் படத்துக்கு நேர் கீழே வேண்டாம். பழைய படத்தின் கீழ்ப்பாதி கறுத்திருப்பது அந்தப் புகையால்தான்.

சித்தி: நான் சொன்ன சுவர் வெளிச்சுவர் ஆயிற்றே. அந்தப் பக்கம்தான் மழை அடிக்கிறது.

சித்தப்பா: ஆணி அடித்தாகிவிட்டது.

அம்மா: வேனுக்கு யார் யார்? பெரியண்ணன் வீட்டில் எத்தனை பேர்?

அத்தை: கேட்டுச் சொல்கிறேன். வடைக்கு உளுந்து நான் கொண்டு வருகிறேன்.

பாப்பா: 4 பிரதி எடுத்தால் யார் பணம்?

அம்மா: பங்கு போடலாம்.

சித்தி: என் பிரதியை நானே பார்த்துக்கொள்கிறேன். அண்ணி, மூலப் படத்தைப் பால் காய்ச்சும் அன்று மட்டுமாவது கொண்டு வர முடியுமா?

சின்ன மாமா: மலைப் பாதையில் குலுங்கிக்கொண்டு அது வரக் கூடாது தங்கச்சி.

சித்தி: மடியில் வைத்துக்கொண்டு வந்தால்?

அத்தை: உங்கள் அண்ணனைக் கேளுங்கள்.

பெரிய மாமா: லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். புள்ளிகள் ஒழுங்கில்லாமல்தான் இருக்கின்றன. தம்பி, சனிக்கிழமை கமராக்காரரோடு வா. சட்டத்தை அவர் தொடக் கூடாது.

சின்ன மாமா: வருகிறேன் அண்ணா. விளக்கு இரண்டும் நானே எடுத்து வருகிறேன். அன்று கரண்ட் இருக்குமா?

அத்தை: சனிக்கிழமை வேண்டாம், கோயிலில் பூஜை இருக்கிறது. ஞாயிறு?

கொழும்பு அத்தான்: ஞாயிறு என்றால் நானும் வரலாம்.

அம்மா: வேன் எண்ணிக்கை???