சங்கக் காணியில் செத்துக் கிடந்த மான்

வெளிநாட்டில் இருக்கும் நமது ஊர்ச் சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமைதான் ஊரிலிருந்து திரும்பினேன். செயலாளர் எழுபத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டு அனுப்பிய மடலில் "காணி தொடர்பான செலவு" என்று மட்டும் இருந்தது. அதனால்தான் பலர் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். அது சட்டத்தரணிக்கான பணம்.

கிழக்கிலங்கையில், கோமாரிக்கு மேற்கே நமது சங்க வட்டையில் (வயல்வெளியில்), வேலியோரம் ஒரு புள்ளிமான் செத்துக் கிடந்திருக்கிறது. பக்கத்து வயல் பையன் கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்தேன். கழுத்தில் கம்பி பட்ட இடம் கருகியிருக்கிறது. பின்னால் நமது சங்கப் பலகை, எழுத்தெல்லாம் தெளிவாக. வெயில் ஏறுவதற்குள் மூன்று பேர் வந்து உரித்துவிட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், இங்கே எழுதமாட்டேன். ஒரு தொடையை முல்லைக்காரரின் (வயல் பொறுப்பாளரின்) வாடிக் குடிசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிகாரிகள் வந்தபோது தொடை இருந்தது, அந்த மூவரும் இல்லை. பதினொரு வருடமாக நமது வயலைப் பார்க்கும் அந்த முல்லைக்காரர் இப்போது விளக்கமறியலில் இருக்கிறார்.

"நமது காணியில் விழுந்தால் நமது மான்தானே, அவரை எப்படிப் பிடிக்கலாம்?" என்று இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டார்கள். காணி உறுதி இங்கே உதவாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் புள்ளிமான் காக்கப்பட்ட விலங்கு. தானாகச் செத்தாலும் இறைச்சியைக் கையில் வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். நமது மான் என்று நாம் அடம்பிடித்தால், நமது வேலியில் அது எப்படிச் செத்தது என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

– தம்பி, ரொறன்ரோ

* * *

தம்பிக்கு,

நீ சட்டம் சொல்ல வெளிக்கிட்டதால் நானும் சொல்கிறேன். இங்கிலாந்தில் காட்டு மான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொந்தமில்லை. செத்து விழுந்தால் நிலத்துக்காரருக்குச் சொந்தம். 1865இலேயே பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. காடாகக் கிடந்த அந்தப் பதினாறு ஏக்கரையும் கத்தியோடு இறங்கி வெட்டித் திருத்தியவர் என் அப்பா. அதைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த போடியாரின் மகன் நான். இன்று அந்தப் பலகை கள்ள இறைச்சிப் படத்தில் நிற்கிறது. முதலில் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் மகாஓயாப் பக்கமிருந்து தேனில் ஊறிய மான் வற்றல் போத்தலில் வரும். அம்மா அரிசிப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பார். அப்போது யார் வழக்குப் போட்டார்கள்?

– அண்ணா, லண்டன்

* * *

அண்ணா, 1865ஆம் ஆண்டுத் தீர்ப்பு முயலுக்கு. அதுவும் கோமாரி முயலுக்கு இல்லை.

நான் கணக்கைக் கேட்கிறேன். 2019இல் சூரிய மின்வேலிக்கு என்று ஆளுக்கு 150 பிராங் வாங்கினீர்கள். தகடு, பற்றரி, மின்வேலிப் பெட்டி என்று மூன்று பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. அந்தப் பெட்டி விட்டு விட்டுத்தான் மின்சாரம் அனுப்பும். மாடோ மானோ உதறிக்கொண்டு ஓடும், கருகாது. கழுத்துக் கருகியிருந்தால் யாரோ வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நமது பற்றரியும் பெட்டியும் எங்கே? யார் வீட்டுத் தொலைக்காட்சி அதில் ஓடுகிறது? இதற்குப் பதில் வராமல் ஒரு சதமும் அனுப்பமாட்டேன். 2016 கோயில் கிணற்றுக் கணக்கும் இன்னும் வரவில்லை, அதையும் மறக்கவில்லை.

– அக்கா, சூரிச்

* * *

அக்கா, பெட்டி எங்கே என்று நானும் கேட்டேன். "திருத்தக் கொடுத்திருக்கிறது" என்றார்கள். எந்தக் கடை என்று கேட்டதும் தேநீர் வந்துவிட்டது. நீங்கள் கேட்பது சரி. ஆனால் கணக்கு முடியும்வரை அந்த மனிதர் உள்ளே இருக்க முடியாது. அவருடைய மனைவி என்னிடம் மானைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காணிக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா தம்பி?" என்றுதான் கேட்டார். என் பங்கையும் உங்கள் பங்கையும் சேர்த்து அனுப்பிவிட்டேன், பெட்டி கிடைத்ததும் கழித்துக்கொள்ளலாம்.

லண்டன் அண்ணாவுக்கு ஒன்று. உங்கள் வீட்டு விறாந்தையில் இன்னும் அந்த மரைக்கொம்பு (மரை என்ற பெரிய மானின் கொம்பு) மாட்டியிருக்கிறது. அதற்கும் அதே சட்டம்தான். சின்னம்மா அதில் குடை தொங்கவிட்டிருக்கிறார். பலகையைக் கழற்றப் போகிறவரிடம் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

– தம்பி, ரொறன்ரோ