எம்.எஸ். மருந்து ஆய்வில் பங்கேற்றவர்களின் அனுபவங்கள்

லண்டனிலிருந்து:

எம்.எஸ்.-ஸ்டாட்2 ஆய்வில் பங்கேற்றவர்களில் நானும் ஒருத்தி. ரத்தக் கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை, மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயின் இரண்டாம் கட்டத்தில், அதாவது நோய் விடாமல் முற்றிக்கொண்டே போகும் கட்டத்தில், உடல் மெல்ல மெல்லச் செயலிழப்பதைத் தாமதப்படுத்துமா என்று பார்த்த ஆய்வு அது. 140 பேரை வைத்து நடந்த முந்தைய ஆய்வில் மூளை சுருங்கும் வேகம் 43 சதவீதம் குறைந்திருந்தது. 2014இல் அந்தச் செய்தியைப் படித்தபோது, எங்கள் வகை நோய்க்கு அநேகமாக எந்த மருந்தும் இல்லை. ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டேன்.

மாத்திரை விழுங்குவது எளிது, பரிசோதனைகள்தான் கடினம். 25 அடி தூரத்தை நடந்து காட்ட வேண்டும். ஒன்பது துளைகள் கொண்ட பலகையில் சிறு குச்சிகளைச் செருகி, மறுபடி எடுக்க வேண்டும். என் இடது கை குச்சியைத் தவறவிடும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நோய் முற்றுவதை வீட்டில் பிள்ளைகளிடம் மறைக்கலாம், அந்த அறையில் மறைக்க முடியாது. சேரப்போகிறவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பரிசோதனை நாளன்று வீட்டார் யாராவது கூட வரட்டும்.

எனக்குக் கிடைத்தது மருந்தா, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, என்னைப் பரிசோதித்தவருக்கும் தெரியாது. நன்றாக நடந்த வாரத்தில் மருந்துதான் என்று நம்புவேன். கால் இழுத்த வாரத்தில் வெற்று மாத்திரைதான் என்று சோர்ந்துபோவேன். ஆனாலும் நிறுத்தவில்லை. பாதியில் நிறையப் பேர் விலகினால், மிஞ்சியவர்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

2024 செப்டம்பரில், கோபன்ஹேகனில் நடந்த மாநாட்டில் முடிவை அறிவித்தார்கள். பங்கேற்றவர்கள் 964 பேர். நோய் முற்றுவதை அந்த மருந்து தடுக்கவில்லை. அன்று அழுதேன். ஆனால் இனி யாரும் எம்.எஸ்.ஸுக்காக இந்த மாத்திரையை நம்பி ஆண்டுகளை இழக்க வேண்டியதில்லை. (கொழுப்புக்காகச் சாப்பிடுகிறவர்கள் நிறுத்திவிடாதீர்கள்!) இப்போது இங்கே நடக்கும் ஆக்டோபஸ் ஆய்வில் ஒரே வெற்று மாத்திரைக் குழுவோடு சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்ற இரண்டையும் ஒரே சமயத்தில் தனித்தனியாக ஒப்பிடுகிறார்கள். மூளை ஸ்கேனில் பலன் தெரியாத மருந்தை நடுவிலேயே கைவிட்டு, வேறொன்றைச் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் காலம்தான் அருமை. அதை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது.

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, என் தம்பிக்கு விட்டு விட்டு வரும் வகை. முதல் தாக்குதலில் ஒரு கண் பார்வை மங்கிவிட்டது. ஆய்வு பற்றி மருத்துவர் சொன்னதும், "வெற்று மருந்து கொடுத்தால் இன்னொரு கண்ணும் போய்விடாதா?" என்றுதான் அம்மா கேட்டார். அந்த ஆய்வில் புதிய மருந்தை, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்தோடுதான் ஒப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஊசியும் உண்டு, மாத்திரையும் உண்டு. இரண்டில் ஒன்றில்தான் மருந்து இருக்கும். இதை விளக்கிய பிறகே அம்மா சம்மதித்தார்.

கையெழுத்துப் போடும் முன், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்திய அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்தோம். 2009 ஜூன் முதல் இந்தப் பதிவு கட்டாயம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆய்வு முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கினோம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். நமக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை.