பச்சைத்தண்ணீர் காபி

குழு: மலைவீட்டுச் சொந்தங்கள்

சனிக்கிழமை

பெரியம்மா (பண்ணைக்காடு), மதியம் 2:40
நேற்று மதியம் சில்வர் ஓக் மரம் கம்பிமேல் சாய்ந்ததிலிருந்து மின்சாரம் இல்லை. கூடவே சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. சாலையில் மரம் கிடப்பதால் வண்டி ஏறவில்லை. விறகு நனைந்து கிடக்கிறது. பழைய சோறு இருப்பதால் வயிற்றுக்குக் குறையில்லை. ஆனால் பெரியப்பா காபி இல்லாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பெரியம்மா, 2:43
ஃபில்டரில் பச்சைத்தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேரமாகியும் கால் டம்ளர்கூட இறங்கவில்லை. இறங்கியதும் கறுப்பாக இருக்கிறதே தவிர வாசனை இல்லை.

சின்ன மாமா (தாண்டிக்குடி), 2:51
அக்கா, அது கடைத்தூளா?

பெரியம்மா, 2:52
ஆமாம் தம்பி. சிக்கரி கலந்தது.

சின்ன மாமா, 2:58
நீங்கள் பார்த்த கறுப்பு சிக்கரியின் நிறம். ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரில் அந்தத் தூளைத் தூவிப் பாருங்கள். காபி மிதக்கும்; சிக்கரி சாயத்தைக் கோடு கோடாக விட்டுக்கொண்டே அடிக்குப் போய்விடும். கலப்படம் பார்ப்பதுகூட இப்படித்தான். காபி அவ்வளவு சீக்கிரம் இறங்காது, அதற்கு ஓர் இரவு வேண்டும். அதோடு நைசான தூள் நனைந்தால் சேறாகி ஃபில்டர் துளையை அடைத்துவிடும்.

நான் (மதுரை), 3:01
கொதிக்காத தண்ணீரில் காபி உருப்படியாக வருமா மாமா?

அக்கா (கொடைக்கானல்), 3:03
இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மதுரையைவிடக் குறைந்த சூட்டில்தான் நாங்கள் தினமும் காபி போடுகிறோம்!

சின்ன மாமா, 3:09
வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் ஐந்து நாள் இதைத்தான் குடித்தோம். சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். புளிப்பும் கசப்பும் குறைவாக இறங்குவதால் குடிக்க மென்மையாக இருக்கும். அக்கா, நான் கொடுத்த வறுத்த கொட்டை இருக்கிறதா?

பெரியம்மா, 3:10
டப்பா நிறைய இருக்கிறது. மிக்ஸிதான் ஓடாதே.

சின்ன மாமா, 3:16
உரலில் இடியுங்கள். அரிசிக் குருணை பதம் போதும், மாவாக விடாதீர்கள். ஒரு டம்ளர் தூளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் மழையில் கலங்கியிருக்கும், வேண்டாம். முன்பே காய்ச்சி ஆற வைத்தது இருந்தால் எடுங்கள். எவர்சில்வர் தூக்கில் போட்டுத் தூள் முழுக்க நனையும்படி கிளறி, மூடி வைத்துவிடுங்கள். மதுரை வெயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் போதும், நம் குளிருக்குப் பதினாறு வேண்டும்.

பெரியம்மா, 3:19
பால்? பக்கத்து வீட்டுப் பசும்பால் இருக்கிறது.

சின்ன மாமா, 3:20
காய்ச்சாத பாலைத் தொடவே வேண்டாம், அக்கா! அத்தானுக்கு வயிற்றைக் கெடுத்துவிடும். பால்பவுடர் நல்லது.

பெரியம்மா, மாலை 4:05
ஊறப்போட்டுவிட்டேன். இடிக்கும்போதே வாசனை கூடத்துக்குப் போய்விட்டது. பெரியப்பா எழுந்து வந்து உரல் பக்கத்திலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா, காலை 8:12
தூக்கைத் திறந்தேன். மேலே தூள் ஆடைபோல் மிதக்கிறது, ஓரத்தில் செம்பழுப்பாக நுரை. எப்படி வடிகட்டுவது?

சின்ன மாமா, 8:14
பழைய வேட்டித் துணியை ஃபில்டரின் மேல்தட்டில் விரித்து ஊற்றுங்கள். தானாக வடியட்டும், பிழியாதீர்கள். பிழிந்தால் வண்டல் வந்துவிடும். முக்கால் டம்ளரைத் தூளே உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றேகால் டம்ளர் டிகாக்‌ஷன் கிடைக்கும்.

சின்ன மாமா, 8:15
பால்பவுடரை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். முதலில் இரண்டு கரண்டி டிகாக்‌ஷன் விட்டுக் குழம்பாகக் குழைத்துக்கொண்டு, பிறகு தண்ணீர் சேருங்கள்.

பெரியம்மா, 8:47
கருப்பட்டியைத் தட்டி இரவே தண்ணீரில் போட்டிருந்தேன். அதையும் வடிகட்டிச் சேர்த்தேன். சூடு இல்லையே என்று முதல் வாய்க்குப் பெரியப்பா முகம் சுளித்தார். இரண்டாம் வாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, “இது நம் தோட்டத்துக் கொட்டைதானே?” என்று கேட்டார்.

அக்கா, 8:50
அம்மா, தலைவலி?

பெரியம்மா, 9:25
விட்டுவிட்டது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மரம் வெட்டுகிற இடத்துக்குப் போயிருக்கிறார்.

சின்ன மாமா, 9:27
மீதி டிகாக்‌ஷனை இன்றே தீர்த்துவிடுங்கள், அக்கா. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை.

பெரியம்மா, 9:31
சரி தம்பி. போனில் 4 சதவீதம்தான் இருக்கிறது, அணைத்து வைக்கிறேன். நாளைக்குக் கொட்டை இடித்தாயிற்று. மாலையில் ஊறப்போடுவேன்.